தெர்மல் மெலிந்து காற்று ஓங்கும் நாளும் போட்டி நாள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் பக்கத்தில் எப்போதாவது பாராகிளைடிங் (துணி இறக்கையில் தொங்கிப் பறக்கும் விளையாட்டு) போட்டி பற்றி நான்கு வரிச் செய்தி வந்தால்கூட விடாமல் படிக்கும் வாசகன் நான். போட்டிகளில் பறப்பவனும்கூட. அந்த நான்கு வரியில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். இன்னார் முதலிடம், இத்தனை கிலோமீட்டரை இத்தனை நேரத்தில் கடந்தார் என்பது ஒன்று. வானிலை ஒத்துழைக்காததால் யாரும் இலக்கை எட்டவில்லை, வீரர்கள் பாதி வழியிலேயே தரையிறங்கினர் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வகைச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை, ஏனென்றால் அந்தப் பாதி வழிக்குள்தான் போட்டியே நடந்திருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. படிப்பவர்களும் அன்றைக்கு ஏதோ எல்லோரும் சொதப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். தெர்மல் என்கிற மேலேறும் காற்று மெலிந்து, பக்கவாட்டில் வீசும் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருக்கும் நாள் எப்படிப்பட்டது, அன்றைக்கு ஒருவர் 30 கிலோமீட்டர் பறந்தார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அடிப்படையான ஒரு விஷயம். "காற்று இவ்வளவு அடிக்குதே, ஜோராப் பறக்கலாமே" என்று எங்களிடம் கேட்காதவர்களே இல்லை. பாராகிளைடருக்கு இன்ஜின் கிடையாது. காற்று அடிப்பதாலேயே அது மேலே போய்விடுவதும் இல்லை. சரிவில் ஓடிக் கால் தரையை விட்ட நொடியிலிருந்து அது இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, சலனமில்லாத காற்றில் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த இறக்கத்தைவிட வேகமாக மேலேறுகிற காற்றைத் தேடிப் பிடித்தால்தான் உயரம் கூடும். வெயிலில் சூடான தரையிலிருந்து பிரிந்து எழும் காற்றைத்தான் தெர்மல் என்கிறோம். பருந்து சிறகை அசைக்காமல் வட்டமடித்து ஏறுவதும் இதில்தான். மலைமுகத்தில் காற்று மோதி மேல்நோக்கித் திரும்பும் இடத்திலும் ஏற்றம் உண்டு, ஆனால் அது அந்த மலையோடு முடிந்துவிடும். சமவெளியைத் தாண்டி 50, 80 கி.மீ. போக வேண்டுமானால் தெர்மல்தான் வழி: ஒன்றில் வட்டமடித்து ஏறி, கிடைத்த உயரத்தைச் செலவழித்து அடுத்ததற்குச் சறுக்கிப் போய், அங்கே மறுபடி ஏறி, இப்படியே நாள் முழுக்க.

நல்ல நாளில் ஒரு தெர்மல் நொடிக்கு 3 மீட்டர், 4 மீட்டர் என்று தூக்கும். உயரத்தில் மெல்லிய மேகம் பரவி வெயிலை மறைத்தாலோ, முந்தின நாள் மழையில் தரை ஈரமாக இருந்தாலோ, மேலே போகப்போகக் காற்று குளிர வேண்டிய அளவு குளிராமல் இருந்தாலோ அதே தெர்மல் அரை மீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் இடையில் முக்கி முனகும். இத்தோடு மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்றும் சேர்ந்துகொண்டால் நிலைமையே வேறு. நேராக நிற்க வேண்டிய ஏற்றம் புகைபோக்கியிலிருந்து வரும் புகை மாதிரி சாய்ந்துவிடும், நடுநடுவே அறுந்தும் போகும். பலமான தெர்மல் காற்றை ஓரளவு எதிர்த்து நிமிர்ந்து நிற்கும். பலவீனமானது அப்படியே படுத்துவிடும். மேகத்தைப் பார்த்து அதற்கு நேர் கீழே போனால் அங்கே ஒன்றும் இருக்காது, ஏற்றம் காற்று வரும் பக்கமாகத் தள்ளிக் கீழே இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. இது பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் அன்றைய போட்டி முழுவதும் இதற்குள் இருக்கிறது. ஸ்பீடு பாரை (வேகம் கூட்டக் காலால் மிதிக்கும் கம்பி) மிதிக்காமல் மணிக்கு 38 கி.மீ. போகிற, ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 10 மீட்டர் முன்னே போகிற ஒரு கிளைடரை எடுத்துக்கொள்வோம். 800 மீட்டர் உயரம் கையில் இருக்கிறது. காற்றே இல்லாவிட்டால் 8 கி.மீ. போகலாம். 20 கி.மீ. காற்று முதுகில் இருந்தால் 12 கி.மீ. போகலாம். அதே காற்று முகத்தில் அடித்தால் தரையைப் பொறுத்தவரை வேகம் வெறும் 18 கி.மீ., அதே 800 மீட்டர் உயரம் நாலு கிலோமீட்டருக்குள் தீர்ந்துவிடும். இது சறுக்கும்போது. ஏறும்போது இன்னும் மோசம். நொடிக்கு அரை மீட்டர் ஏற்றத்தில் 500 மீட்டர் உயரம் சேர்க்க 1,000 நொடி, அதாவது 17 நிமிடம் ஆகும். அந்த 17 நிமிடமும் வட்டமடித்தபடியே காற்றோடு அடித்துச் செல்லப்படுவீர்கள், ஐந்தரை கிலோமீட்டர். சேர்த்த 500 மீட்டரை வைத்துக்கொண்டு காற்றை எதிர்த்துத் திரும்பினால் எவ்வளவு வர முடியும்? இரண்டரை கிலோமீட்டர்கூட வராது. கால் மணி நேரத்துக்கு மேல் உயிரைக் கொடுத்து ஏறியவர், ஏறத் தொடங்கிய இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் பின்னால் போய் நிற்பார். இந்த கிளைடருக்கு, இந்தக் காற்றில், நொடிக்குச் சுமார் 1.2 மீட்டர் ஏற்றம் இருந்தால்தான் ஏறிச் சறுக்கி நின்ற இடத்திலாவது நிற்க முடியும். அதற்குக் குறைந்தால் தெர்மலை மட்டும் நம்பி எதிர்க்காற்றில் முன்னேறவே முடியாது. திறமை, தைரியம் எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது.

ஸ்பீடு பார் இருக்கிறதே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான், காலால் அதை மிதித்தால் வேகம் கூடும், போட்டிக்கென்றே செய்யப்படும் கிளைடர்கள் முழு மிதியில் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டும். எதிர்க்காற்றில் கொஞ்சம் மிதித்துப் போவதே நல்லது, சும்மா தொங்கிக்கொண்டு போவதைவிட அதே உயரத்தில் கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைக்கும். ஆனால் மிதிக்க மிதிக்க இறக்கமும் கூடுகிறது. இறக்கையின் முன்விளிம்பும் கீழே சாய்கிறது, அலைக்கழிக்கும் காற்றில் அப்படிச் சாய்ந்திருக்கும்போது அது மடங்கினால் மடங்கலின் வேகமும் முரட்டுத்தனமும் அதிகம். ஆகவே அது காற்றை ஜெயிக்கிற கருவி கிடையாது, கொஞ்சம் பேரம் பேச உதவும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நாளில் மேலே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தரையிலிருந்து 400 மீட்டர் உயரத்தில் வேரியோ (ஏற்ற இறக்கத்தை ஒலியால் சொல்லும் கருவி) ஒரு தடவை மெதுவாகப் 'பீப்' என்கிறது. நல்ல நாளாக இருந்தால் அதைச் சட்டையே செய்ய மாட்டோம், இன்னும் நல்லது வரும் என்று நேரே போய்விடுவோம். இன்று அதுதான் சோறு. திரும்புகிறோம். பாதி வட்டத்தில் நொடிக்கு 0.4 மீட்டர் ஏற்றம், மீதிப் பாதியில் 0.6 இறக்கம். அடுத்த வட்டத்தைக் காற்று வரும் பக்கமாக ஒரு பத்து மீட்டர் நகர்த்திப் போடுகிறோம். ஏற்றம் இருக்கும் பக்கத்தில் நேராகக் கொஞ்சம் போக விட்டு, இல்லாத பக்கத்தில் சட்டென்று திருப்பி, இப்படி ஐந்தாறு வட்டம் போட்ட பிறகு சராசரி பூஜ்யம் என்று காட்டுகிறது. அதாவது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இதற்கிடையில் கீழே வயல்வரப்பு, சாலை, ஓடை என்று ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவிக்கொண்டிருக்கிறது. இந்தப் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு காற்றோடு போவதா, விட்டுவிட்டு முன்னால் தெரிகிற காய்ந்த நிலத்தின் மேல் ஏதாவது இருக்கும் என்று நம்பிப் போவதா? போகிற திசையில்தான் அடுத்த டர்ன்பாயின்ட் (வழியில் தொட்டுத் திரும்ப வேண்டிய இடம்) என்றால் பூஜ்யமே லாபம், சும்மா உட்கார்ந்திருந்தாலே கிலோமீட்டர் சேரும். டர்ன்பாயின்ட் பக்கவாட்டில் இருந்தால் ஒவ்வொரு வட்டமும் பாதையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். இந்த ஒரு முடிவை ஒரு பைலட் அன்றைக்குத் திரும்பத் திரும்ப எடுக்கிறார், ஒவ்வொரு தடவையும் தரைக்கு மேல் சில நூறு மீட்டர் உயரத்தில், கை பிரேக் கயிற்றில் இருக்கும்போதே. வேகப் போட்டி நாளில் தவறாக முடிவெடுத்தால் ஐந்து நிமிடம் போகும். இன்று தவறினால் ஆட்டமே முடிந்து வயலில் கிளைடரை மடித்துக்கொண்டிருப்பார்.

இங்கேதான் கூட்டத்தின் அருமை தெரியும். தெர்மல் கண்ணுக்குத் தெரியாது, அதில் ஏறுகிற ஆள் தெரிவார். பதினைந்து இருபது பேர் ஒரே வட்டத்தில் சுற்றும்போது யார் கொஞ்சம் மேலே போகிறார், யார் மூழ்குகிறார் என்று பார்த்தே மையம் எங்கே நகர்கிறது என்று கண்டுபிடிக்கலாம். தனியாக இருந்தால் அந்த மெலிந்த ஏற்றத்தை இரண்டு வட்டத்தில் தொலைத்துவிடுவோம். ஒருவர் தொலைத்தால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் காட்டிக்கொடுப்பார். முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் திரும்பினாரோ எல்லோரும் அந்தப் பக்கமே திரும்ப வேண்டும் என்ற விதி எங்கேயும் உண்டு, அதை மீறி உள்ளே பாய்கிற ஒருவர் மொத்தக் கூட்டத்தின் வட்டத்தையும் கெடுத்துவிடுவார். பலவீனமான நாளில் அப்படிக் கெடுக்கப்பட்ட வட்டத்தை மறுபடி சேர்க்கவே முடியாமல் எல்லோரும் சேர்ந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். பண்பாகப் பறப்பது மற்ற நாட்களில் மரியாதை என்றால், இந்த மாதிரி நாளில் அதுவே பிழைக்கும் வழி.

உலகச் சாதனைகளின் கதையிலும் இதைப் பார்க்கலாம். 2016 அக்டோபரில் பிரேசிலின் வடகிழக்கில் டசிமாவிலிருந்து கிளம்பிய டோனிசெட்டி லெமோஸ், ரஃபேல் சலாடினி, சாமுவேல் நாசிமெண்டோ ஆகிய மூவர் 564 கி.மீ. பறந்தார்கள். அந்தப் பகுதியில் காலை வெயில் சரியாக ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு தூரத்துக்கு நேரம் போதாது. அந்த முதல் மணி நேரங்களில் இருப்பது பலமான காற்றும் மெலிந்த ஏற்றமும்தான். மூவரும் பிரியாமல் சேர்ந்தே பறந்து, ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் பயன்படுத்தி, காற்று கொண்டுபோகிற பக்கமே போய்த்தான் அந்தத் தூரத்தை எட்டினார்கள். பிறகு 2021 ஜூனில் அமெரிக்காவின் டெக்சாஸில் செபாஸ்டியன் கைரூஸ் 610 கி.மீ. பறந்தபோதும் காற்று முதுகில்தான். காற்று பயனுள்ளதுதான், எந்தப் பக்கம் போகச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து.

அதனால்தான் டாஸ்க், அதாவது அன்றைய பந்தயப் பாதை, வைப்பவர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். போட்டி நாளன்று காலையில் வானிலையைப் பார்த்து, எந்தெந்த டர்ன்பாயின்ட், எத்தனை கி.மீ., எங்கே கோல் (பந்தயம் முடியும் இடம்) என்று ஒரு சிறு குழு முடிவு செய்யும். அதில் அனுபவமுள்ள பைலட்டுகளும் இருப்பார்கள். பலவீனமான, காற்றான நாளில் எதிர்க்காற்றில் 15 கி.மீ. போய்த் திரும்பச் சொல்கிற டாஸ்க்கைப் பலகையில் எழுதும்போதே நான் மேலே போட்ட கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் என்ன? வழியில் காற்றை நோக்கி நிற்கும் மலைச்சரிவு இருந்து அதன் முகத்தில் ஒட்டிக்கொண்டு போகலாம் என்றால் சரி. அப்படி எதுவும் இல்லாத சமவெளியில் அந்த 15 கி.மீ. யாரையும் சோதிக்காது, எல்லோரையும் ஒரே வயலில் கொண்டுபோய் இறக்கும், அவ்வளவுதான். முதலாமவருக்கும் முப்பதாமவருக்கும் இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம். அதில் யாருடைய திறமை தெரியும்?

இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எனக்குப் புரிகிறது. போட்டிகளில் ஜிஏபி என்ற மதிப்பெண் முறைதான் பெரும்பாலும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாளின் முழு மதிப்பு 1,000 புள்ளி. ஆனால் எல்லா நாளும் 1,000 ஆகிவிடாது. எத்தனை பேர் கிளம்ப முடிந்தது, மொத்தமாக எவ்வளவு தூரம் பறந்தார்கள், ஜெயித்தவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து நாளின் தரத்தைக் கணக்கிட்டு அந்த 1,000ஐக் குறைப்பார்கள். டாஸ்க் ரொம்பச் சிறிதாக இருந்து சீக்கிரமே முடிந்துவிட்டால் நாளின் மதிப்பு விழுந்துவிடும் என்ற பயத்தில்தான் நீளமாக வைக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், நொடிக்கு அரை மீட்டர் ஏற்றமுள்ள நாளில், பின்னாலிருந்து சாய்வாக வரும் காற்றில் 35 கி.மீ. போகவே சிறந்த பைலட்டுக்கும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். நேரத்துக்காகக் குறைப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. மாறாக, கைக்கு எட்டாத 70 கி.மீ. வைத்துப் பெரும்பாலானவர்கள் பத்தாவது கிலோமீட்டரிலேயே இறங்கிவிட்டால் தூரத்துக்கான தரம் அடிவாங்கும், நாளின் மதிப்பு அப்போதுதான் பாதாளத்துக்குப் போகும். யாருமே கோலை எட்டாவிட்டால் வேகத்துக்கான புள்ளி என்ற பேச்சே இல்லை, ஏறக்குறைய எல்லாமே தூரத்துக்குத்தான். ஆக நீளமான டாஸ்க் வைத்தால் நல்ல போட்டியாகிவிடும் என்ற நினைப்பு இந்த மாதிரி நாளில் கணக்குப்படியே எடுபடாது.

வேறு எப்படி வைக்கலாம்? முதல் கட்டத்தைப் பக்கக்காற்றில் வைத்து, கடைசிக் கட்டத்தைக் காற்றோடு கோலுக்குக் கொண்டுவந்து முடிக்கலாம். டர்ன்பாயின்ட் என்பது வரைபடத்தில் ஒரு வட்டம், அதன் விளிம்பைத் தொட்டால் போதும். வழக்கமாக 400 மீட்டர் ஆரம் வைக்கிற இடத்தில் 3 கி.மீ., 5 கி.மீ. என்று பெரிதாக்கிவிட்டால் ஒவ்வொருவரும் தனக்கு ஏற்றம் கிடைக்கிற பக்கமாகப் போய்த் தொட்டுக்கொள்ளலாம், வழித்தேர்வு என்ற திறமைக்கும் இடம் கிடைக்கும். தொடக்க வட்டத்திலும் யோசனை வேண்டும். எல்லோரும் மேலே காத்திருந்து குறித்த நேரத்தில் கோட்டைத் தாண்டுவதுதான் வழக்கம். மெலிந்த ஏற்றத்தில் காற்று தள்ளிக்கொண்டே இருக்கும்போது முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் காத்திருக்கச் சொல்வது கொடுமை. ஏறுவோம், தள்ளப்படுவோம், திரும்பி வருவதற்குள் ஏறியதெல்லாம் போய்விடும், ஆரம்பிப்பதற்கு முன்பே பாதிப் பேர் தரைக்குப் போய்விடுவார்கள். கால் மணிக்கு ஒன்றாக நான்கைந்து தொடக்க நேரம் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் அவர் கிளம்பிய நேரத்திலிருந்து எண்ணினால் அந்தச் சிக்கல் பெருமளவு குறையும். இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை, விதிகளிலேயே இடம் இருக்கிறது.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும், இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். தெர்மல் பலவீனம் என்றதும் ஆபத்து குறைவு என்று தோன்றும். காற்றும் சேர்ந்திருந்தால் அப்படி இல்லை. ஏற்றம் மெலிந்தால் நாம் தாழ்வாகப் பறப்போம், காற்று நம்மைத் தள்ளிக்கொண்டே போகும், தள்ளப்படும் இடத்தில் ஒரு மலைமுகடு இருந்தால் அதற்குப் பின்பக்கம் போய்விடுவோம். அங்கே காற்று உருண்டு கீழ்நோக்கிப் புரளும். இறக்கையை மடக்கவும் செய்யும், இறக்கிவிடவும் செய்யும். கணவாய்களில், குறுகிய பள்ளத்தாக்குகளில் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும், மேலே 20 கி.மீ. என்றிருந்தது அங்கே 35 ஆகிவிடும், கிளைடர் முன்னே போகாமல் நிற்கும், சில சமயம் பின்னால் போகும். 0.3 ஏற்றத்தை விட மனசில்லாமல் வட்டமடித்துக்கொண்டே முகட்டுக்குப் பின்னால் போய்விடுவதுதான் இந்த நாட்களின் பெரிய பொறி. இத்தனை உயரத்துக்குக் கீழே வந்துவிட்டால் ஏற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விட்டுவிட்டு முன்பக்கத் திறந்தவெளிக்குப் போய்விடுவேன் என்று தரையிலேயே முடிவு செய்துகொண்டு போகிறவர்கள்தான் ஆண்டுக்கணக்கில் போட்டியில் நிலைக்கிறார்கள். பெரிய போட்டிகளில் பைலட்டுகள் ரேடியோவில் பாதுகாப்பு நிலையை 1, 2, 3 என்று சொல்வார்கள். 3 என்றால் பறக்கத் தகுந்த நிலை இல்லை என்று பொருள். போதுமான பேர் அப்படிச் சொன்னால் டாஸ்க்கை நிறுத்துவார்கள், நிறுத்தியதற்குச் சில நிமிடம் முன்புவரை பறந்ததை வைத்துப் புள்ளி போடுவார்கள். முன்னணியில் இருப்பவருக்கு 3 என்று சொல்ல வாய் வராது, தன் முன்னிலை போய்விடுமே என்று. பின்னால் இருப்பவர் சொன்னால் பொறாமையில் சொல்கிறார் என்பார்கள். இதில் கூச்சம் பார்க்கக் கூடாது. 2011ல் ஸ்பெயினில் பியத்ரஹிதாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஒரே நாளில் இரண்டு பைலட்டுகள் இறந்தார்கள், போட்டியே பாதியில் கைவிடப்பட்டது. அதன் பிறகுதான் சான்றிதழ் இல்லாத போட்டிக் கிளைடர்களுக்கு அந்த மட்டத்தில் தடை வந்தது, பிறகு அவற்றுக்கென்று தனித் தரவரையறையும் வந்தது. அது பலவீனமான நாள் கிடையாது, வேறு மாதிரி நாள். ஆனால் வேகம் ஒன்றையே அளவாக வைத்தால் விளையாட்டு எந்தப் பக்கம் போகும் என்பதை அந்த நாள் எல்லோருக்கும் காட்டியது.

அப்புறம் தரையிறங்குவது. செய்தியில் 'தரையிறங்கினர்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும் விஷயம். காற்றான நாளில் அதுவே தனிக் கலை. 300 மீட்டர் உயரம் இருக்கும்போதே இடத்தைத் தேர்ந்துவிட வேண்டும், ஏனென்றால் காற்றை எதிர்த்துப் பிறகு எங்கும் போக முடியாது, காற்றின் பக்கம் இருக்கிற இடங்கள் மட்டுமே நமக்கு. கம்பிகள் எங்கே ஓடுகின்றன, மரவரிசை எந்தப் பக்கம், காற்று எங்கிருந்து என்று பார்க்க வேண்டும். குளம் இருந்தால் அதைவிட நல்ல அடையாளம் இல்லை, காற்று வரும் பக்கத்துக் கரையோரம் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், எதிர்க்கரையில் சிற்றலை அடிக்கும். மரங்களுக்குப் பின்னால் இறங்கவே கூடாது, மரத்தின் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரத்துக்குக் காற்று அங்கே கலங்கிக் கிடக்கும். காற்றைப் பார்த்துத் திரும்பியதும் கிளைடர் ஏறக்குறைய லிஃப்ட் மாதிரி நேராக இறங்கும். தரைக்கு அருகே காற்றின் வேகம் குறைவதால் கடைசிச் சில மீட்டரில் சட்டென்று கீழே வரும், அதற்காகக் கால்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். கால் பட்ட கணத்தோடு முடியவில்லை, தலைக்கு மேலே இறக்கை இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. உடனே திரும்பி, இறக்கையை நோக்கி ஓடி, பின்பக்கக் கயிறுகளை இழுத்து அதைச் சாய்க்க வேண்டும். தாமதித்தால் வயல் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். இத்தனையையும் சரியாகச் செய்து, 22வது கிலோமீட்டரில் கீறல்கூட இல்லாமல் இறங்கி, ரேடியோவில் 'நலம்' என்று சொல்லிவிட்டு கிளைடரை மடிக்கும் ஒருவரை இலக்கை எட்டத் தவறியவர் என்று எழுதுகிறோம்.

எல்லா நாளும் பறந்தே ஆக வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. டேக் ஆஃபில் காற்று 25, 30 கி.மீ. தொட்டு, இடையிடையே இன்னும் வேகமாக அடித்தால் அன்றைக்கு ரத்து செய்வதே சரி, அதை யாரும் குறை சொல்லக் கூடாது. நான் பேசுவது அதற்குக் கீழே இருக்கிற, பறக்கலாம் ஆனால் கஷ்டம் என்கிற நாட்களைப் பற்றி. அந்த நாட்களை ரத்து செய்யவும் வேண்டாம், நல்ல நாள் மாதிரி பாவித்து நீண்ட பந்தயம் வைக்கவும் வேண்டாம், அதற்கேற்ற அளவில் வைத்துப் பறக்க விடுங்கள் என்பதுதான் போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது. வெறும் வேகத்தில் முன்னால் நிற்கிறவர்கள் அன்றைக்குப் பின்தங்குவார்கள், புதிய பெயர்கள் மேலே வரும். விலை உயர்ந்த கிளைடர் வைத்திருப்பவருக்கும் சாதாரண கிளைடர் வைத்திருப்பவருக்கும் உள்ள இடைவெளிகூட அன்றைக்குக் கொஞ்சம் சுருங்கும், ஏனென்றால் 0.3 ஏற்றத்தில் வட்டமடிக்கும்போது உச்ச வேகத்துக்கு வேலை இல்லை. பொறுமைக்கும் கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை.

பத்திரிகையிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம். அடுத்த தடவை யாரும் கோலை எட்டவில்லை என்று செய்தி எழுத நேர்ந்தால், கூடவே மூன்று தகவல்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: அன்றைய காற்று எவ்வளவு, சராசரி ஏற்றம் எவ்வளவு, அதிகத் தூரம் போனவர் எத்தனை கி.மீ. போய் எவ்வளவு நேரம் மேலே இருந்தார். இப்போது ஒவ்வொரு பைலட்டின் பாதையும் ஜிபிஎஸ் பதிவாக அமைப்பாளர்களிடம் இருக்கிறது, கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். 20 கி.மீ. காற்றில், நொடிக்கு அரை மீட்டர் ஏற்றத்தை வைத்துக்கொண்டு இரண்டேகால் மணி நேரம் மேலே இருந்து 31 கி.மீ. பறந்தார் என்று ஒரு வரி இருந்தால், பறத்தல் பற்றி ஒன்றும் தெரியாத வாசகருக்கும் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று புரியும். இறங்கியவர்கள் எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் போட்டால் எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பாராகிளைடிங் போட்டிகளில் பறக்கும் ஒரு வாசகன்